ஏழாவது மெஷின்

எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்காவிட்டால் வெற்றிச்செல்விக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் ஊர்ப்பெயரைப் படித்த பிறகுதான் பைக்குள் வைப்பாள். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை வந்தவள் மறுபடி உள்ளே போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அவள் கணவன் மணிவண்ணன் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அச்சகம் ஒன்றில் வேலை செய்கிறவன். கல்யாணமாகி ஒரே மாதத்தில் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இவகிட்டப் பொய் சொல்லி மாட்டிக்கறதுக்கு உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிட்டுப் போயிடலாம், நேரமாச்சும் மிச்சம்" என்பான்.

வாய்த்த வேலையும் அவள் குணத்துக்கு ஏற்றதுதான். அரியலூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம். யார் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று கடைவீதி மாடியில் இருக்கிறது. முதலாளி பெயர் அசோக். உடையார்பாளையம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அந்த ஆபீசுக்குப் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வருகிறாள் வெற்றிச்செல்வி. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, இரண்டாயிரத்துப் பதினொன்றில் அசோக்கின் அப்பா கண்ணையன் காலத்தில் சேர்ந்தவள். அப்போது ஆபீசில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வரைபடம் போடும் மென்பொருளைத் திருச்சியிலிருந்து யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. ஊரில் எல்லோரும் 'கிராக்' என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை, அவளும் அன்றைக்கு நினைக்கவில்லை.

கண்ணையன் காலமாகி அசோக் பொறுப்புக்கு வந்தபோது மெஷின் ஆறாகியிருந்தது, ஆறிலும் கிராக்தான். அந்தச் சமயம் வெளியூர் ஆபீஸ் ஒன்றில் மென்பொருள் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்து, அத்தனை மெஷினையும் சீல் வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வெற்றிச்செல்வி அசோக்கைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அவன் ஆறு மெஷினுக்கும் ஆறு லைசென்ஸ் வாங்கினான். அந்தத் தாள்களை இரும்பு பீரோவில் வைத்து, "இந்தா செல்வி, இனிமே இது உம்பொறுப்பு" என்று சாவியை அவள் கையில் கொடுத்தான்.

சம்பளம் கூட்டியபோதுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா ராசாங்கம் ஊரான் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு மிராசுதார் களத்தில் மூட்டை ஒன்று குறைந்தது. கூலிக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு மூட்டை நெல்லை எவன் மடியில் கட்டுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவும் அவிழ்த்துக் காட்டினார். கஞ்சித் தூக்கோடு போயிருந்த இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ராசாங்கத்தின் மகள் கையில் இப்போது, இன்னொருத்தர் பீரோவின் சாவி.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு. எந்த மெஷின், யார் உட்காருகிறார்கள், எந்த லைசென்ஸ், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு நாற்காலியாக ஆளை எழுப்பிவிட்டு, அவள் உட்கார்ந்து பார்ப்பாள். வேண்டாத பாட்டு, விளையாட்டு, ஓசியில் இறக்கிய எழுத்துரு என்று எது இருந்தாலும் அன்றே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறியதும், ஆபீசுக்குள் பென் டிரைவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். முதலாளிக்கும் சேர்த்துத்தான் உத்தரவு. பையன்கள் அவளை 'சோதனை அக்கா' என்பார்கள். அவளுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல இருப்பாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த இரண்டாம் நாள் அந்த மெயில் வந்தது. மென்பொருள் கம்பெனியிலிருந்து, மரியாதையான இங்கிலீஷில். உங்களிடம் இருப்பது ஆறு உரிமம். ஆனால் உங்கள் அலுவலக இணைய இணைப்பில் ஏழாவதாக ஒரு பிரதி, உரிமம் இல்லாதது, இயங்கியிருக்கிறது. வரும் புதன்கிழமை எங்கள் பிரதிநிதி நேரில் வந்து பார்வையிடுவார். கீழே அந்தப் பிரதி இயங்கிய தேதியும் நேரமும் போட்டிருந்தது: அக்டோபர் பதினொன்று, காலை பத்து ஐம்பது.

முதலில் அவளுக்கு அந்த மெயில் மேலேயே சந்தேகம். இப்படி மிரட்டிக் காசு பறிக்கிற கூட்டம் ஊரில் நிறைய. மெயிலில் இருந்த எதையும் அவள் தொடவில்லை. பீரோவைத் திறந்து, லைசென்ஸ் வாங்கியபோது வந்த பழைய தாளை எடுத்து, அதில் அச்சடித்திருந்த நம்பருக்குத் தன் செல்லிலிருந்து, மாடிப்படியில் நின்று போன் போட்டாள். "ஆமாங்க, அரியலூர்லேருந்துதான் பேசறேன். பேரு வெற்றிச்செல்வி. ஏழாவது மெஷின் ஓடுதுன்னு வந்துருக்கே, அது சம்பந்தமாத்தான்." மெயில் உண்மைதான், நாங்கள் அனுப்பியதுதான் என்றார்கள்.

பிறகுதான் தேதியை நிதானமாகப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அக்டோபர் பதினொன்று ஆயுத பூஜை. அன்றைக்கு ஆறு மெஷினையும் துடைத்து, ஒயரைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்தது அவள்தான். மறுநாள் வரைக்கும் எதையும் தொடக்கூடாது என்பது கண்ணையன் காலத்து வழக்கம். ஒன்றுகூட ஓடாத நாளில் ஏழாவது எப்படி ஓடும்? கம்பெனிக்காரன் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறான், முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று தெம்பாக அசோக்கின் அறைக்குப் போனாள்.

அவளுக்கு முன்னால் தர்மராஜ் போய்விட்டு வந்திருந்தான். மூன்றாவது மெஷினில் உட்காருகிறவன். டீ குடிக்கக் கீழே இறங்கியபோது படியில் அவள் பேசியது பாதி காதில் விழுந்திருக்கிறது. பாதி போதாதா?

"உக்காருங்க மேடம்" என்றான் அசோக்.

பதின்மூன்று வருஷமாக 'வா செல்வி, உக்காரு' என்றவன். அந்த 'மேடம்' காதில் விழுந்ததும் அவள் உட்காராமல் நின்றாள்.

"கம்பெனிக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

"ஆமா சார். மெயில் நெசமா டூப்பான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. சார், அந்தத் தேதியப் பாருங்க, அன்னிக்கு ஆயுத பூஜை. நம்ம மெஷின் எல்லாம்…"

"எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்டப் பேசிட்டீங்க. அதும் ஆபீஸ் போன்ல இல்ல, சொந்த செல்லுல, படியில நின்னு."

"சார், நான் எதுக்கு…"

"உள்ளேருந்து சொல்றவங்களுக்கு அந்தக் கம்பெனிங்க பரிசு குடுக்குதாமே. ஆடிட்டர் சொன்னாரு." அசோக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் உங்களைச் சொல்லல. உள்ள இருக்கற யாரோ சொல்லிருக்காங்க. புதன்கிழமை முடியட்டும், அப்பறம் பாக்கலாம். அதுவரைக்கும் பீரோ சாவிய இங்க வச்சிட்டுப் போங்க."

சாவியை மேசைமேல் வைத்தாள். எதிர்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். லைசென்ஸ் வாங்கு வாங்கு என்று தலைபாடாக அடித்துக்கொண்டவளே காட்டிக்கொடுத்தும் விடுவாளா என்று கேட்டிருக்கலாம். சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தபோதுதான் வரிசையாக எல்லாம் வாயில் வந்தது. யாரிடம் சொல்வது?

வீட்டில் அம்மா செங்கமலம் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பன் மடிய அவுத்தாரு. ஒனக்குச் சாவிய வாங்கிட்டாங்க" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணலல்ல?"

பெற்ற தாய் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை அன்றைக்கு அழ வைத்தது.

மறுநாளிலிருந்து ஆபீஸே மாறிப்போயிருந்தது. அவள் வந்தால் பேச்சு நின்றது. டீக்காரர் வழக்கம்போல டம்ளர் வைத்துவிட்டுப் போனார், அவர் ஒருவர்தான் மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தாள், கால் தரைக்கு எட்டவில்லை. நாற்காலியின் உயரத்தை யாரோ ஏற்றியிருந்தார்கள். அப்படியானால் அவள் போன பிறகு அவள் மெஷினில் உட்கார்ந்து நோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்கு தர்மராஜின் கால்தான் பொருந்தும். அசோக் சொல்லித்தான் பார்த்திருப்பான். அவள் அதை இறக்கவில்லை, கால் தொங்கியபடியே வேலை பார்த்தாள்.

அவளும் சும்மா இல்லை. ஒவ்வொருத்தராக எடைபோட ஆரம்பித்தாள். தர்மராஜ் தன்மேல் வராமலிருக்க இவள்மேல் போட்டானா? ஆடிட்டருக்கு அந்தப் பரிசு விவகாரம் அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிந்தது? பாத்ரூம் கழுவ வருகிற அம்மாவைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுவிட்டு, சீ என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடைசியில் எல்லாம் சுற்றி வேல்முருகனிடம் வந்து நின்றது. நாலாவது மெஷினில் இருந்தவன். தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டு நின்று, வரதராஜன்பேட்டையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். போகும்போது அசோக்கோடு மனஸ்தாபம். அவனேதான், வேறு யார்?

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் மாறி வரதராஜன்பேட்டைக்குப் போய் இறங்கினாள். கடைத்தெருவில் ஒரு சின்ன அறை. வேல்முருகன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா! என்னக்கா இவ்ளோ தூரம்? உக்காருங்க, கலர் வாங்கியாரச் சொல்றேன்."

"கலரு கெடக்கட்டும். நீதான சொன்ன?"

"என்னத்தச் சொன்னேன்?"

அவள் மெயிலைக் காட்டினாள். அவன் படித்தான். முகம் வெளுத்தது. அவள் கண்ணுக்கு அது குற்றவாளியின் முகமாகவே பட்டது.

"அக்கா, சத்தியமா நான் இல்ல. எங்கடையில ஓடறதே கிராக்குக்கா. நான் போயி அவங்ககிட்ட வாயத் தொறப்பனா? என்னத்தான மொதல்ல புடிப்பாங்க?"

அது நியாயமாகத்தான் இருந்தது. திருட்டுப் பிரதியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டே அவன் நிரபராதி என்று நிரூபித்துவிட்டான். வெற்றிச்செல்விக்கு எரிச்சலாகவும் வந்தது, அதை எடு முதலில் என்று திட்டவும் வாய் துடித்தது.

"அப்ப கம்பெனிக்காரன் தேதியத் தப்பாப் போட்டுட்டான்" என்றாள். "ஆயுத பூஜையன்னிக்கு ஒரு மெஷினும் ஓடல. நாந்தான் ஒயரைக் கழட்டுனேன்."

வேல்முருகன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஒரு மெஷினும் ஓடலையா? அப்ப பிள்ளையார் சுழி எதுலக்கா போட்டோம்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அசோக்கின் அறை மூலையில், கண்ணையன் படத்துக்குக் கீழே, மஞ்சள் துணி போர்த்தி ஒரு மெஷின் இருக்கிறது. கண்ணையன் முதன்முதலில் வாங்கிய மெஷின். ராசியான மெஷின் என்று அதைத் தூக்கிப் போடவில்லை. வருஷம் முழுக்க அது தூங்கும். ஆயுத பூஜையன்று மட்டும் துணியை எடுத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, அதை ஓட விடுவார்கள். முதலாளி அதில் ஒரு பிள்ளையார் சுழி வரைவார். அதைப் பெரிய பிரிண்டரில் அடித்து சாமி படத்துக்கு அருகில் ஒட்டுவார்கள். அப்புறம்தான் சுண்டல், பொரி. பிறகு மறுபடி துணி. அதற்குள் இருப்பது இரண்டாயிரத்துப் பதினொன்றில் காபி குடித்துவிட்டுப் போனவர் ஏற்றிய அதே கிராக்.

"பொட்டு வச்சது நான்" என்றாள் மெதுவாக. "பத்தேகால் பஸ்ஸுக்கு நான் கிளம்பிட்டேன். அது சரி, அதுல நெட்டே கெடையாதே தம்பி. பிரிண்டுக்கு எப்பவும் பென் டிரைவுல தான…"

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேல்முருகன் தலையைச் சொறிந்தான்.

"நீங்கதான் பென் டிரைவு கூடாதுன்னு சொல்லிட்டீங்களேக்கா. போன வருசம் எப்பிடியோ சமாளிச்சோம். இந்தத் தடவ சாரு, ஒயர மாட்டி நேரா பிரிண்டருக்கு அனுப்புடான்னாரு. நாந்தான் உங்க மெஷின் நெட்டு ஒயர எடுத்து அதுல மாட்டுனேன். அடிச்சு முடிச்சதும் கழட்டிட்டேன். ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்."

அந்த ஐந்து நிமிஷம் போதும். பதின்மூன்று வருஷமாக வெளியுலகத்தைப் பார்க்காமல் கிடந்த மெஷின் ஒயர் கிடைத்ததும் தன் கம்பெனியைத் தேடிப் போய், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் பரிசு வாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஆறு மெஷின், ஆறு பக்கம். ஏழாவதை அவள் எழுதவே இல்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமை எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவள், பாத்ரூம் கழுவுகிற அம்மாவைச் சந்தேகப்பட்டவள், அந்த மஞ்சள் துணியை ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை. பொட்டு வைத்த மெஷினை மெஷின் என்று அவள் நினைத்ததே இல்லை. இதில் தன் தப்பும் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. தன் நாற்காலியை ஏற்றி வைத்தவர்கள்மேல் இருந்த கோபம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

திங்கட்கிழமை காலை அசோக்கிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. வேல்முருகனுக்கு அவளே போன் போட்டுக் கையில் கொடுத்தாள். கேட்டு முடித்ததும் அசோக் அந்த மஞ்சள் துணியைப் பார்த்தான், மேலே இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தான்.

"அப்பாவோட மெஷினா என்னை மாட்டி விட்டுச்சு?" என்றான். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "செல்வி" என்றான். மேடம் போய்விட்டது. "ஒண்ணு பண்ணலாம். புதன்கிழமைதான அவங்க வர்றாங்க. இத ஒரு ரெண்டு நாளு உங்க வூட்டுல வச்சுக்க. கார்ல கொண்டாந்து எறக்கச் சொல்றேன். உன்ன விட்டா வேற யாரையும் என்னால நம்ப முடியாது."

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால் நம்ப முடியாதவளாக இருந்தவள், திருட்டு மெஷினை ஒளித்து வைப்பதற்கு மட்டும் நம்பிக்கையானவளாகிவிட்டாள். நாளைக்கு யாராவது கேட்டால் மெஷின் யார் வீட்டில் இருக்கும்? ராசாங்கம் மகள் வீட்டில்.

"முடியாது சார்" என்றாள். "அது அங்கயே இருக்கட்டும். வர்றவங்ககிட்ட நானே காட்டறேன்."

"புரியாமப் பேசாத செல்வி, என் ஆபீசு…"

"எம்பேரு சார். ஒங்களுக்கு ஆபீசு, எனக்குப் பேரு. மறைச்சு மாட்டுனா அன்னிக்கும் என்னத்தான் கேப்பீங்க."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. வெளியே மெஷின்களின் தட்டல் நின்றுபோனது. அசோக் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் தன் இடத்துக்கு வந்து நோட்டில் ஏழாம் பக்கத்தைத் திறந்து எழுதினாள்: கண்ணையன் ஐயா மெஷின். வருஷத்தில் ஒருநாள் ஓடும். லைசென்ஸ் இல்லை.

புதன்கிழமை வந்தது பிரவீணா என்ற சின்னப் பெண். பெரிய அதிகாரியாக யாரோ வருவார் என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு அதுவே பாதி நிம்மதி. ஆறு மெஷினையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், வரிக்கு வரி சரியாக இருந்தது. பிறகு வெற்றிச்செல்வி அவளை அசோக்கின் அறைக்குக் கூட்டிப்போய் மஞ்சள் துணியை எடுத்தாள். உலர்ந்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

"இதுதாங்க நீங்க தேடற ஏழாவது" என்றாள். ஆயுத பூஜைக் கதையைச் சொன்னாள். பிரவீணா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். நீங்களாகவே காட்டியதையும், உங்கள் நோட்டையும் அறிக்கையில் எழுதுகிறேன், பழைய பிரதியை அழித்துவிட்டு ஒரு உரிமம் கூடுதலாக வாங்கிக்கொண்டால் இது இத்தோடு முடியும் என்றாள். அழித்தது வெற்றிச்செல்விதான். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அழித்தாள்.

பிரவீணாவை வழியனுப்பிவிட்டு அசோக் மேசை டிராயரைத் திறந்து பீரோ சாவியை எடுத்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"இந்தா செல்வி, பிடி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. நடந்ததை மனசுல வச்சுக்காத."

அவள் கையை நீட்டவில்லை.

"அந்தப் பீரோவுக்கு இன்னொரு பூட்டு போடுங்க சார். ஒரு சாவி ஒங்ககிட்ட, ஒரு சாவி எங்கிட்ட. ரெண்டு பேரும் இருந்தாத்தான் தொறக்கணும்."

"எதுக்கு? உம்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எனக்கு ஒங்க மேல இல்ல சார்" என்றாள் வெற்றிச்செல்வி. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், நாற்காலியின் உயரத்தைத் தன் காலுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.